இன்றேல், ஏன்?

செட்டிபாளையம்,
12.05.2025

மதிப்புக்குரிய மேர்லின் அவர்களுக்கு,

நீங்கள் என்னை வாட்ஸ்அப்பில் தடைசெய்து நாலரை மாதமாகிறது. அழைத்தாலும் எடுப்பதில்லை. ஆகவே தபாலில் எழுதுகிறேன். முத்திரை ஒட்டிய கடிதத்தைத் தடைசெய்ய இன்னும் ஒருவரும் பொத்தான் கண்டுபிடிக்கவில்லை.

மன்னிப்புக் கேட்க எழுதவில்லை. டிசம்பர் 25, நத்தார் விருந்தில் சொன்னதை இப்போதும் சொல்வேன். பாராளுமன்றத்தில் கேள்வி கேட்பது, நின்றுபோன எஞ்சினுக்கு ஹோர்ன் அடிப்பது மாதிரி. சத்தம் வரும், வண்டி நகராது. ஓர் உறுப்பினருக்குக் கேள்வி தயாரிக்கும் வேலைக்கு நீங்கள் போகிறீர்கள் என்பதற்காக நான் பொய் சொல்ல முடியுமா? அதற்காகக் கோழிக்கறியைப் பாதியில் விட்டு எழும்பிப் போனீர்கள். அம்மாவுக்கு இன்றுவரை மனவருத்தம். அண்ணன் பெற்ற மருமகள் என்பதால் உங்களைக் குறை சொல்வதில்லை, என்னைத்தான் சொல்கிறார்.

சரி. இப்போது எனக்கு ஒரு ஹோர்ன் தேவைப்படுகிறது.

விசயம் எங்கள் பாதை. வாவியைக் கடக்கிற பாதை என்றால் என்னவென்று உங்களுக்குத் தெரியும். ஆனால் இதைக் கொழும்பில் யாருக்காவது காட்டுவீர்கள், ஆகவே எழுதுகிறேன். இரும்புப் பெட்டிகளைச் சேர்த்து ஒட்டி, மேலே பலகை அடித்து, எஞ்சின் பூட்டிய மிதவை. ஆட்கள், மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம் எல்லாம் ஏறும். நீளம் பன்னிரண்டு மீற்றர், அகலம் ஐந்து. எங்கள் பணிமனைக்காக நானும் என்னோடு இரும்பு ஒட்டுகிற தங்கராசா அண்ணனும் பதினொரு மாதம் நின்று கட்டினோம். செட்டிபாளையத்திலிருந்து அக்கரை மருதந்துறைக்குப் பதினொரு நிமிடம். பாலத்தால் சுற்றிப் போனால் இருபத்திரண்டு கிலோமீற்றர்.

அது இன்னும் ஒரு பயணம்கூடப் போகவில்லை. ஆட்களை ஏற்றுவதற்கு முன் அரச வர்த்தமானியில் ஓர் அறிவித்தல் வரவேண்டுமாம். அந்த அறிவித்தலின் வரைபை அரசாங்கத்தின் சட்டத் திணைக்களம் ஒன்று பார்த்துச் சரி சொல்ல வேண்டுமாம். அதன் முழுப் பெயரை எழுதினால் ஒரு வரி போய்விடும், நாங்கள் சட்டப் பகுதி என்போம். வரைபு போனது 2023 ஜனவரி. போனது போனதுதான். பாதை துறையில் கட்டிக் கிடக்கிறது. எஞ்சின் செத்துவிடக் கூடாதென்று சனிக்கிழமைதோறும் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்துகிறேன். கட்டிப்போட்ட மாட்டுக்கு ஓடக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருக்கும்.

போன கிழமை ஒரு சுற்றறிக்கை வந்தது. ஓகஸ்ட் 31க்குள் சேவையில் இல்லாத மிதவைகள் வேறு மாவட்டத்துக்கு அனுப்பப்படும். முழுதாக லொறியில் ஏறாது. மூன்று துண்டாக வெட்டித்தான் ஏற்றுவார்கள். வெட்டுவதற்கும் என்னையும் தங்கராசா அண்ணனையும்தான் கூப்பிடுவார்கள்.

அக்கரையில் வயல் வட்டை செய்கிற சாமித்தம்பி அண்ணன் நேற்று வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "மனே, இந்தப் பாதை நிண்ட இடத்திலயே கிழடாகுது. நானும்தான். ஆரு முதல்ல ஓடுறெண்டு பாப்பம்."

உங்கள் உறுப்பினர் சபையில் கேட்பதற்குக் கேள்விகளை நானே எழுதியிருக்கிறேன். உங்களுக்கு வேலை மிச்சம்.

1. சட்டப் பகுதியில் இருப்பவர்கள் நித்திரையா?
2. நித்திரையென்றால், எழுப்பும் பொறுப்பு யாருடையது?
3. பாதை ஓடுவது சட்டப்படி சரி என்று அமைச்சர் இப்போதே சொல்வாரா?

இப்படிக்கு,
ஜொய்சன் வின்சன்ற்


கொழும்பு,
21.05.2025

ஜொய்சன்,

எப்போதிருந்து நான் உனக்கு 'நீங்கள்'? தொட்டிலில் கிடந்த உன் வாயில் சீனி போட்டவள் நான். உன்னைவிட இரண்டு வயது மூத்த மச்சாளுக்கு மரியாதை தருவதென்றால் நத்தாரன்று தந்திருக்க வேண்டும்.

தடை தொடரும். போனில் நான் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் நீ பதினேழு அனுப்புவாய். ஒன்றிலாவது வாக்கியம் முடிந்திருக்காது. காகிதத்தில் எழுதும்போதுதான் உனக்கு முற்றுப்புள்ளி இருப்பது தெரிகிறது. காகிதத்திலேயே இரு.

உன் மூன்று வினாக்களையும் பார்த்தேன். மூன்றும் குப்பைக்கூடைக்கு. கோபத்தில் சொல்லவில்லை, சபை விதிகளான நிலையியற் கட்டளைகளை வைத்துச் சொல்கிறேன். முதலாவது நையாண்டி. வினாவில் நையாண்டியும் வசையும் ஆகாது. இரண்டாவது ஊகத்தின் மேல் கட்டிய வினா, அதுவும் ஆகாது. மூன்றாவதுதான் பெரிய பிழை. சட்டம் என்ன சொல்கிறது என்று வினா மூலம் அமைச்சரிடம் அபிப்பிராயம் கேட்கவே முடியாது. நாங்கள் கேட்பதெல்லாம், செய்தது என்ன, எப்போது, எத்தனை. அவ்வளவுதான்.

இதில் என்ன வரப்போகிறது என்று நீ முகத்தைச் சுளிப்பாய். டீசல் தாங்கியில் எவ்வளவு இருக்கிறதென்று நீ எப்படிப் பார்ப்பாய்? குச்சியை விட்டு அளப்பாய். தாங்கிக்குப் பக்கத்தில் நின்று "உனக்கு வெட்கமில்லையா" என்று கேட்கமாட்டாய். வினா என்பது அந்தக் குச்சி. வழக்கறிஞர்கள் நிறைந்த ஒரு திணைக்களத்தோடு வாதம் செய்யப் போனால் வாதம்தான் மிஞ்சும், அவர்கள் அதற்கென்றே படித்தவர்கள். திகதி கேட்டால் திகதி சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று. அமைச்சர் எழும்பிப் பதில் சொல்வதென்றால், அதற்கு முன் திணைக்களத்தில் யாரோ ஒருவர் அலுமாரியைத் திறந்து, அந்தக் கோப்பை உருவி எடுத்து, முதல் பக்கத்திலிருந்து வாசித்தாக வேண்டும். எங்களுக்கு வேண்டியது அந்த வாசிப்பு. பாதி வினாக்களுக்குச் சபையில் பதில் வருமுன்பே வேலை நடந்துவிடும்.

எங்கள் வினாக்களின் கடைசி வரி எப்போதும் ஒன்றுதான்: "இன்றேல், ஏன்?" செய்வாரா என்று கேட்டபின், அப்படி இல்லையென்றால் ஏன் என்று கேட்டே முடிப்போம். அமைச்சர் மேலே உள்ளதற்கு 'ஆம்' என்று சொல்லிவிட்டால், கடைசி வரிக்கு ஒற்றைச் சொல்லில் பதில் வரும்: "எழாது." அதாவது, அந்தக் கேள்விக்கே இனி இடமில்லை. ஐந்து மாதத்தில் அந்தச் சொல்லை நான் நாலு தரம்தான் கேட்டிருக்கிறேன். பாராளுமன்றத்தில் அதைவிட இனிப்பான சொல் இல்லை.

திருத்தி எழுதி அனுப்பு. மாமியிடம் சொல், கோழிக்கறி நன்றாகத்தான் இருந்தது.

மேர்லின்


செட்டிபாளையம்,
30.05.2025

மச்சாள்,

உன் விதிகள் எனக்குப் பிடித்துவிட்டன. இதை நீ முதலிலேயே சொல்லியிருக்கலாம். நான் இவ்வளவு நாளும் பாராளுமன்றம் என்றால் பேச்சு என்று நினைத்திருந்தேன். இது அளவீடு. அளவீடு எனக்குத் தெரியும்.

இதோ:

(அ) செட்டிபாளையம் – மருதந்துறைப் பாதைக்கான அறிவித்தலின் வரைபு சட்டப் பகுதிக்குக் கிடைத்த திகதி யாது?
(ஆ) அன்றிலிருந்து அக்கோப்பில் செய்யப்பட்ட ஒவ்வொரு வேலையும், அதன் திகதியும், அதில் சம்பந்தப்பட்டவர் பெயரும் யாவை?
(இ) அக்கோப்பு 2025 ஓகஸ்ட் 31க்கு முன் முடிக்கப்படுமா?
(ஈ) இன்றேல், ஏன்?

(ஆ)தான் என் செல்லப்பிள்ளை. ஒவ்வொரு வேலையும், திகதியோடு, பெயரோடு. ஒரு வேலையும் செய்யாதவர்கள் அதில் எதை எழுதுவார்கள் என்று பார்க்க ஆசையாக இருக்கிறது. நீ எதை வெட்டினாலும் அதை வெட்டாதே.

கடைசி வரி இங்கே எல்லோருக்கும் தொற்றிவிட்டது. தங்கராசா அண்ணன் இன்று தேநீர் கேட்டார்: "தம்பி, தேத்தண்ணி போட்டாச்சா? இன்றேல், ஏன்?" சாமித்தம்பி அண்ணனிடம் விளக்கிச் சொன்னேன். யோசித்துவிட்டுச் சொன்னார்: "நல்ல கேள்விதான் மனே. ஆனா எங்கட பொஞ்சாதிமார் இத எப்பயோ கண்டுபுடிச்சிட்டாங்க."

சிறுபோகம் நன்றாக விளைந்திருக்கிறது. ஓகஸ்டில் வெட்டு. நெல் எல்லாம் அக்கரையில், ஆலை இக்கரையில். நடுவில் என் பாதை கட்டிக் கிடக்கிறது.

நத்தாரன்று சொன்னதில் நூற்றுக்குப் பத்து வீதம் மீளப்பெறுகிறேன்.

ஜொய்சன்


கொழும்பு,
14.06.2025

ஜொய்சன்,

பத்து வீதத்தைப் பதிவுசெய்துகொண்டேன்.

வினா ஏற்கப்பட்டது. ஜூலை 24, வியாழக்கிழமை. எங்கள் உறுப்பினர் நாகரெத்தினம் ஐயா உன் (ஆ)வை வாசித்துவிட்டு, "இத எழுதினது ஆரு பிள்ள? வக்கீலா?" என்று கேட்டார். "இல்லை ஐயா, இரும்பு ஒட்டுகிறவர்" என்றேன். வெட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டார். ஆனால் ஐயாவுக்கு முழங்காமல் இருக்க முடியாது. வினாவுக்குப் பின் இரண்டு மேலதிக வினாக்கள் கேட்கலாம், அந்த இடத்தில் போட நாலு பக்கத்துக்கு ஒரு முழக்கம் எழுதி வைத்திருக்கிறார். நான் தினமும் ஒரு பக்கத்தைக் களவாகக் குறைத்துக்கொண்டு வருகிறேன்.

இப்போது கவனமாக வாசி. சட்டப் பகுதியிலிருந்து உங்களுக்கு எப்போதாவது ஏதாவது கடிதம் வந்ததா? விளக்கம் கேட்டோ, தாள் கேட்டோ? உங்கள் பணிமனையில் எல்லா இடமும் தேடிப் பார். ஐயாவுக்கு நான் பொறுப்புச் சொல்ல வேண்டும். இந்த வேலைக்கு வந்து நான் முழுதாகத் தயாரித்த முதல் வினா இது.

மேர்லின்


செட்டிபாளையம்,
20.06.2025

மச்சாள்,

வரவில்லை. எழுத்தில் தருகிறேன். ஒரு துண்டுக் காகிதமும் வரவில்லை.

ஜொய்சன்


கொழும்பு,
25.07.2025

ஜொய்சன்,

நேற்று நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். கோபத்தைக் கடைசியில் வைத்திருக்கிறேன், பாய்ந்து அங்கே போகாதே.

ஐயா எழும்பி வினாவைக் கேட்டார். அமைச்சர் பதிலை வாசித்தார். (அ)வுக்கு: 2023 ஜனவரி 9. ஐயா என்னைப் பார்த்துச் சிரித்தார். நானும் மேலே கலரியில் இருந்து சிரித்தேன். பிறகு (ஆ). உன் செல்லப்பிள்ளை.

"2023 மார்ச் 14ஆம் திகதி, பாதையின் சுமைச் சோதனைப் படிவம் பதிவுத் தபாலில் அனுப்பப்பட்டு, நிரப்பித் தருமாறு கேட்கப்பட்டது. அது இன்றுவரை திரும்பி வரவில்லை. கௌரவ உறுப்பினர் பெயரும் கேட்டிருக்கிறார். படிவத்தைப் பெற்றுக் கையொப்பமிட்டவர், ஜொ. வின்சன்ற்."

பின்வரிசையில் ஒருவர், "ஆரப்பா அந்த வின்சன்ற்?" என்று கேட்டார். சபை சிரித்தது. எதிர்க்கட்சி, ஆளுங்கட்சி, பத்திரிகைக்காரர், எல்லோரும். நாட்டில் எல்லோரும் ஒன்றாகச் சிரிக்க ஒரு விசயம் தந்திருக்கிறாய்.

ஐயா கையில் முழக்கத்தோடு நிற்கிறார். முழங்க ஒன்றுமில்லை. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் பதிலில் ஒன்று உறுத்தியது. படிவம் வரவில்லை, சரி. வரவில்லை என்று இரண்டு வருடமாக யாரும் உங்களிடம் கேட்கவும் இல்லையே? ஒரு துண்டில் எழுதிச் சேவகரிடம் கொடுத்தனுப்பினேன். ஐயா கண்ணாடியைப் போட்டு அதை அப்படியே வாசித்தார்:

"அனுப்பியவரின் பதிலுக்காக இப்படி நின்றிருக்கும் கோப்புகள் எத்தனை? அவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பும் வழக்கம் உண்டா? இன்றேல், ஏன்?"

அமைச்சர் தாள்களைப் புரட்டினார். அதிகாரிகள் பக்கமிருந்து ஒரு துண்டு வந்தது, இன்னொன்று வந்தது. பிறகு சொன்னார்: "இருநூற்றுப் பன்னிரண்டு. நினைவூட்டும் வழக்கம் இல்லை."

சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொரு உறுப்பினரும் தன் ஊரில் எது நின்றுகொண்டிருக்கிறது என்று யோசிப்பது முகத்தில் தெரிந்தது. 'ஏன்' என்பதற்குப் பதிலாக அமைச்சர் ஒரு வாக்குறுதி தந்தார். இரண்டு கிழமைக்குள் அந்த இருநூற்றுப் பன்னிரண்டின் பட்டியலும், ஒவ்வொன்றிலும் எது குறைகிறது என்பதும், சபையில் வைக்கப்படும். பின்னால் மேசைகளில் தட்டினார்கள். இரண்டு பக்கமும்.

வெளியே வந்து ஐயா சொன்னார், "பிள்ள, முழங்கியிருந்தா இது கிடைச்சிருக்காது." என் வேலை தப்பியது. உன்னால் அல்ல.

இப்போது கோபம். 'ஒரு துண்டுக் காகிதமும் வரவில்லை. எழுத்தில் தருகிறேன்.' உன் எழுத்து என் மேசையில் இருக்கிறது.

(அ) அந்தப் படிவம் உனக்குக் கிடைத்ததா?
(ஆ) ஆமெனில், அது இப்போது எங்கே?
(இ) இன்றேல், உன் கையொப்பம் அங்கே ஏன்?

மேர்லின்


செட்டிபாளையம்,
29.07.2025

மச்சாள்,

(அ) ஆம்.
(ஆ) எஞ்சினில்.

விளக்குகிறேன். சிரிக்காதே. தங்கராசா அண்ணன் சனிக்கிழமையிலிருந்து சிரித்துக்கொண்டிருக்கிறார், அவர் ஒருவர் போதும்.

எஞ்சினைக் குளிர்விக்க ஒரு நீர்ப்பம்பி இருக்கிறது. அதன் மூடிக்கும் உடம்புக்கும் நடுவே தண்ணீர் கசியாமல் ஓர் அட்டை வைப்போம். பெக்கிங் என்போம். கடையில் வாங்கலாம், ஆனால் கடை பட்டினத்தில். வாவிக்கரையில் வேலை செய்கிறவன் கையில் அகப்படுகிற நல்ல அட்டையில் வெட்டிக்கொள்வான். அளவான தடிப்பு, சுருங்காத அட்டை, அதைக் கண்டால் எங்களுக்குக் கை சும்மா இருக்காது.

2023 மார்ச்சில் ஒரு நாள் பம்பி கசிந்துகொண்டிருந்தது. என் கையெல்லாம் கிறீஸ். கிளாக்கர் லீவு. தபால்காரர் பதிவுத் தபால் ஒன்றை நீட்டினார், கையொப்பம் வைத்தேன். உறையைக் கிழித்தேன். முதல் தாளில் 'மேற்படி விடயம் தொடர்பாக' என்று இருந்தது. அந்த வரியைக் கண்டால் நான் மேலே வாசிப்பதில்லை, உனக்குத் தெரியும். எங்கள் வரைபு கிடைத்துவிட்டது என்று அறிவிக்கிற கடிதம் என்று நினைத்தேன். ஆனால் உள்ளே ஒரு படிவம். மச்சாள், அந்த அட்டை! அரை மில்லிமீற்றர், இறுக்கமானது, எண்ணெய் குடிக்காது. இவ்வளவு நல்ல அட்டையில் யார் படிவம் அடிக்கிறார்கள்?

அது பம்பியில் இரண்டு வருடமும் நாலு மாதமும் இருக்கிறது. ஒரு சொட்டுக் கசியவில்லை.

இன்னும் மோசமானது ஒன்று. பெக்கிங் வெட்டினால், சுற்றியிருக்கிற மிச்சத்தை எறியமாட்டோம். அடுத்த முறை அளவெடுக்க ஆணியில் மாட்டி வைப்போம். உன் கடிதத்தை வாசித்துவிட்டுத் தலையைத் தூக்கினேன். எனக்கு நேரே, சுவரில், அரச இலச்சினையோடு, நடுவில் பம்பி வடிவத்தில் ஓட்டையோடு, 'சுமைச் சோதனைப் படிவம்' தொங்கிக்கொண்டிருந்தது. சனிக்கிழமைதோறும் அதைப் பார்த்துக்கொண்டுதான் சட்டப் பகுதியைத் திட்டியிருக்கிறேன்.

மிச்சத்தை இத்துடன் அனுப்புகிறேன். நீ தேடிப் பார் என்று சொன்னபோது நான் தேடவில்லை. மேசை லாச்சியை ஒரு தரம் இழுத்துப் பார்த்துவிட்டு 'வரவில்லை' என்று எழுதினேன். அந்தக் கலரியில் உன்னைத் தலைகுனிய வைத்தது நான். மன்னித்துக்கொள். இது நூற்றுக்கு நூறு வீதம்.

அம்மாவுக்கு மட்டும் சந்தோசம். ஞாயிறு ஆராதனை முடிந்து சேர்ச் வாசலில் நின்று எல்லோரிடமும் சொல்கிறார்: "என்ட மகன்ட பேரப் பாராளுமன்றத்தில வாசிச்சவங்களாம்." எதற்கு வாசித்தார்கள் என்று கேட்டால், "பாதை விசயமா" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுகிறார்.

இன்னும் முப்பத்திமூன்று நாள் இருக்கிறது. புதுப் படிவம் ஒன்று கிடைக்குமா?

இன்றேல், ஏன் என்று கேட்க எனக்கு முகமில்லை.

ஜொய்சன்


கொழும்பு,
06.08.2025

ஜொய்சன்,

நீ அனுப்பிய ஓட்டைப் படிவத்தை அலுவலகத்தில் பிரித்தேன். பிரித்ததும் அதன் ஓட்டைக்கூடாக நாகரெத்தினம் ஐயாவின் முகம் தெரிந்தது. நான் நிலத்தில் இருந்து சிரித்தேன். ஐயா என்னவென்று கேட்டார், சொன்னேன், அவரும் கதிரையைப் பிடித்துக்கொண்டார். உன்னை மன்னித்தேன். வேறு வழியில்லை, சிரித்துவிட்டு மன்னிக்காமல் இருக்க முடியவில்லை.

உன் பிழை உன் பிழைதான். ஆனால் கேள். பட்டியல் நேற்று சபையில் வைக்கப்பட்டது. ஒரு சந்தைக் கட்டடம், ஒரு வரைபடம் குறைவதால் ஆறு வருடமாகப் பூட்டிக் கிடக்கிறது. ஒரு பிரதேச சபையின் நூலகம், ஒரே ஒரு கையொப்பத்துக்காக. குறைந்தது என்னவென்று அவர்களில் பலருக்கு நேற்றுத்தான் தெரியும். காலையிலிருந்து எங்கள் போன் ஓயவில்லை. முதல் நாளே பத்தொன்பது பேர் குறைந்த தாளை அனுப்பிவிட்டார்களாம். அத்தனைக்கும் காரணம் உன் பம்பி என்று நான் யாருக்கும் சொல்லவில்லை.

சட்டப் பகுதியிலிருந்து இர்ஷாத் என்ற உத்தியோகத்தர் நேரே வந்தார். உன் கோப்பு அவருடையது. நீ நினைக்கிற மாதிரி நித்திரை கொள்கிற ஆள் இல்லை. ஓர் அறையில் ஒன்பது பேருடைய வேலையை மூன்று பேர் செய்கிறார்கள். "பாதைக்காரருக்கே அக்கறையில்லையாக்கும் என்று நினைத்தேன் மிஸ்" என்றார். நீ அவரைத் திட்டிக்கொண்டிருந்த அதே இரண்டு வருடம்.

புதுப் படிவத்தோடு அவரே வருகிறார். 23ஆம் திகதி, சனிக்கிழமை. எனக்கு வர முடியாது, இங்கே வேலை குவிந்துவிட்டது. ஆகவே ஒன்றும் விடாமல் எழுது.

மேர்லின்


செட்டிபாளையம்,
24.08.2025

மச்சாள்,

ஒன்றும் விடாமல் எழுதுகிறேன்.

படிவம் என்ன கேட்கிறது என்றால், பாதையில் பன்னிரண்டு தொன் ஏற்றுவதென்றால் பதினைந்து தொன் ஏற்றிக் காட்ட வேண்டும். ஒரு மணித்தியாலம் கட்டிய இடத்தில் நிற்க வேண்டும். பிறகு அந்தப் பாரத்தோடு ஒரு தரம் கடக்க வேண்டும். தண்ணீருக்கு மேலே பக்கச் சுவர் முப்பது சென்ரிமீற்றராவது தெரிய வேண்டும்.

பாரத்துக்கு மண் மூடை அடுக்கலாம் என்று நினைத்தேன். மண் அள்ள இன்னொரு அனுமதி வேண்டுமாம். சாமித்தம்பி அண்ணன் கேட்டார்: "நெல்லுக்கு அனுமதி வேணுமா மனே?" வேண்டாம். "அப்ப என்னத்துக்கு மண்? வெட்டு முடிஞ்சு மூடை கட்டிக் கிடக்கு. ஒரு மூடை அறுபத்தஞ்சு கிலோ, நிறுத்துத் தாறம்."

எஞ்சின் இரண்டரை வருடத்துக்குப் பிறகு கயிறில்லாமல் ஓடியது. வெறும் பாதையை மருதந்துறைக்குக் கொண்டுபோனோம். அங்கே முழு ஊரும் கரையில் நின்றது. இருநூற்றிமுப்பத்தொரு மூடை. இளந்தாரிகள் முதுகில் ஏற்றி ஓடி ஓடி அடுக்கினார்கள். பெண்கள் கரையில் நின்று எண்ணினார்கள், யாராவது நடுவில் பேச்சுக் கொடுத்தால் திட்டு விழுந்தது. நான் பக்கச் சுவரில் வெள்ளைப் பூச்சால் முதலே ஒரு கோடு போட்டு வைத்திருந்தேன், தண்ணீர் இங்கேதான் வந்து நிற்கும் என்று. கடைசி மூடை வைத்ததும் இர்ஷாத் கால்சட்டையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு, கழுத்துப்பட்டியோடு, சப்பாத்தைக் கையில் பிடித்தபடி தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். அளவுநாடா பிடித்தது அவர். நாற்பத்தியொரு சென்ரிமீற்றர். என் கோட்டைத் தண்ணீர் தொட்டுக்கொண்டு நின்றது. மச்சாள், எனக்குப் பேச்சு வரவில்லை. குறித்துவைத்துக்கொள், திரும்ப நடக்காது.

ஒரு மணித்தியாலம் நின்றோம். யாரோ இடியப்பமும் சொதியும் கொண்டுவந்தார்கள். பிறகு கயிற்றை அவிழ்த்தோம். பாரத்தோடு பதினாலு நிமிடம். நடு வாவியில் வரும்போது தங்கராசா அண்ணன் வெல்டிங் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வெயில் என்றார். முகில் மூடியிருந்தது.

செட்டிபாளையத்தில் பாதை தட்டியதும் பார்த்தால், நெல் ஆலைக்காரரின் லொறி இரண்டு அங்கே நிற்கிறது. சாமித்தம்பி அண்ணன் முதல் மூடையைத் தானே தூக்கி இறக்கினார். நான் பாய்ந்தேன். "அண்ணன், இது சோதனை! அறிவித்தல் வருமுன்னம் சாமான் ஏத்தி இறக்கேலாது!"

"சோதனைக்கெண்டுதானே மனே ஏத்தின? ஏத்திக் காட்டியாச்சு. மறுகா இத அக்கரைக்குச் சுமக்கிறயா? நீ வேணுமெண்டாத் தூக்கு."

எல்லோரும் இர்ஷாத்தைப் பார்த்தோம். சட்டம் படித்தவர். அவர் படிவத்தை எடுத்து இரண்டு பக்கமும் வாசித்தார். திரும்ப ஒரு தரம் வாசித்தார்.

"சோதனைப் பாரத்தை எந்தக் கரையில இறக்கணும் எண்டு இதில ஒண்டும் இல்ல" என்றார்.

அவ்வளவு சத்தம் அந்தத் துறையில் நான் கேட்டதில்லை. நத்தாரன்று நான் சொன்னது ஞாபகமா? ஹோர்ன் அடித்தால் வண்டி நகராது என்று. தங்கராசா அண்ணன் போய் எங்கள் பாதையின் ஹோர்னைப் பிடித்தவர் விடவே இல்லை.

போகுமுன் இர்ஷாத் பையைத் திறந்து நான் உனக்கு அனுப்பி, நீ அவரிடம் கொடுத்த ஓட்டைப் படிவத்தை எடுத்தார். கோப்பில் சேர்க்க வேண்டுமாம். "நடுத்துண்டு எங்க?" என்று கேட்டார். எஞ்சின் அறைக்குக் கூட்டிக்கொண்டுபோய்ப் பம்பியைக் காட்டினேன். "கழட்டித் தரட்டா?" என்றேன். குனிந்து பார்த்தார், விரலால் ஓரத்தைத் தடவினார். காய்ந்திருந்தது.

"கசியாததை என்னத்துக்குக் கழட்டுற?" என்றார். மச்சாள், அந்த ஆள் பிழையான தொழிலுக்குப் போய்விட்டார்.

பிறகு அங்கேயே நின்று கோப்பில் எழுதினார். நான் எட்டிப் பார்த்தேன். "முதற் படிவத்தின் நடுப்பகுதி பாதையின் நீர்ப்பம்பியில் பயன்பாட்டில் உள்ளது. மீளப்பெற அவசியமில்லை."

ஜொய்சன்


செட்டிபாளையம்,
31.08.2025

மச்சாள்,

வெள்ளிக்கிழமை வர்த்தமானி வந்தது. இன்று காலை முதல் பயணம். முப்பத்தெட்டு ஆட்கள், ஒன்பது மோட்டார் சைக்கிள், ஓர் ஆடு. இனி யாரும் எதையும் வெட்டமாட்டார்கள். அம்மா முதல் ஆளாக ஏறி, அக்கரையில் இறங்காமல் அப்படியே திரும்பி வந்தார், பிறகு திரும்பவும் போனார்.

உன்னிடம் வாய்மூல விடைக்காக ஒரு வினா:

(அ) பாராளுமன்றக் கேள்வியையும் ஹோர்னையும் பற்றி ஜொய்சன் வின்சன்ற் சொன்னதை அவன் முழுதாக மீளப்பெற்றுவிட்டான் என்பதை மேர்லின் அறிவாளா?
(ஆ) வாட்ஸ்அப் தடை நீக்கப்படுமா?
(இ) அடுத்த நத்தார்வரை காத்திராமல் வந்து, பாதையில் ஏறி, விட்டுப்போன கோழிக்கறியைச் சாப்பிட்டு முடிப்பாளா?
(ஈ) இன்றேல், ஏன்?

ஜொய்சன்


கொழும்பு,
05.09.2025

ஜொய்சன்,

(அ) ஆம்.
(ஆ) இல்லை. காகிதத்தில் எழுதும்போது நீ நல்ல மனிதன்.
(இ) ஆம். 13ஆம் திகதி, சனிக்கிழமை. மாமியிடம் சொல், இரண்டு கோழி.
(ஈ) எழாது.

மேர்லின்